என் நெலத்துக்கு நானே சேக்கப் போற வில்லங்கம்

போன மாசியில ஒரு சாயங்காலம், ஸ்கூல் விட்டு வந்து செருப்பக்கூட கழட்டல, முற்றத்துல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. ஒருத்தர் நமக்குத் தெரிஞ்ச தரகர், இன்னொருத்தர் தெரியாத ஆளு. எங்க விளைய, அதாவது தோட்டத்த, விலைக்குக் கேட்டு வந்திருக்காங்க. அப்பா எனக்கு எழுதி வச்ச விளை மொத்தம் 2 ஏக்கர் 80 சென்ட், கீழ்ப்பக்கம் ரப்பரு, நடுவுல கொஞ்சம் தென்னையும் மட்டி வாழையும், மேல 90 சென்ட்ல பொத்தைங்குற பாறைக்குன்றும் காவுங்குற சாமிக்காடும். ரப்பர் என்ன வயசு, நாளைக்கு எத்தன ஷீட் அடிக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, பொத்தைக்கு லாரி போற அளவுக்குப் பாதை அகலம் உண்டாம்மான்னு தான் கேட்டாரு அந்தத் தெரியாத ஆளு. அதுலயே எனக்குப் புரிஞ்சு போச்சு. விலையும் சொன்னாங்க. நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் வாங்கப் போற சம்பளம் மொத்தத்தையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. மகள்ட்ட கேட்டுச் சொல்லுறேன்னு அனுப்பி வச்சேன், அன்னைக்கு ராத்திரி உறக்கமே வரல.

கன்னியாகுமரி மாவட்டத்துல எங்க குலசேகரம் பக்கம் உள்ளவங்களுக்கு நான் விளக்க வேண்டாம், ராத்திரி ரோட்டுல போற லாரி சத்தமே போதும். விழிஞ்சம் துறைமுகத்துக்குக் கல்லு, நாலுவழிச் சாலைக்கு மண்ணு, வீடு கட்டுறதுக்கு எம்-சாண்ட், எல்லாத்துக்கும் மலையும் பொத்தையும் தான் போகுது. யாரு கையெழுத்துப் போட்டா யாரு தடுத்தான்னு பேசறதுக்கு இத எழுதல. எனக்கு முன்னால இருந்த கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், நான் விக்க மாட்டேன் சரி, எனக்குப் பெறவு?

அந்த 90 சென்ட் பத்திச் சொல்லணும். பொத்தைக்கு அடியில நாகரு கல்லு மூணு இருக்கு, அதச் சுத்தி ஏழிலைப்பாலை, காஞ்சிரம், அயினி, ரெண்டு பெரிய மருது, அதுக்க மேல பின்னிக் கெடக்குற சூரலு. ஆயில்யத்துக்கு ஆயில்யம் நூறும் பாலும்னு நாகருக்கு உள்ள படையல் குடுப்போம், மத்த நாள்ல பாட்டா யாரையும் உள்ள விட மாட்டாரு, காஞ்ச சுள்ளி கூட எடுக்க விட மாட்டாரு. மரநாய், உடும்பு, செம்போத்து, சாயங்காலமானா பழந்தின்னி வௌவால் எல்லாம் அங்க தான். மருது மூட்டுல ஒரு ஊத்து. ஒரு ஆளு உக்காந்து குளிக்கிற அளவு குழி தான், ஆனா அது வத்தி நான் பாத்ததில்ல. ரெண்டு மழையும் கெடைக்கிற மாவட்டம் நம்மளுது, தண்ணிக்கு என்ன குறைன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. 2016ல ஐப்பசி கார்த்திகை மழை பொய்ச்சுப் போயி, 2017 ஜனவரியில தமிழ்நாடு பூராவும் வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுதே, அந்த வருஷம் எங்க வீட்டுக் கெணறு தரை தட்டிச்சு, ஊத்துல மட்டும் குடம் முங்குற அளவு தண்ணி நின்னுது. கீழ ஏலாவுல, அதாவது வயல்ல, உள்ளவங்க எல்லாரும் வரிசையா வந்து கோரிட்டுப் போனாங்க. அதே வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஓகி புயல் வந்துச்சு. ரப்பர் மரம் முறிஞ்சு, வாழை ஒண்ணு பாக்கியில்லாம சாஞ்சு, நாள் கணக்கா கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. அப்பவும் அந்த ஊத்து தான். காவுக்குள்ள ஒரு பாலை மட்டும் விழுந்துச்சு, மத்த மரமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு தாங்கி நின்னுது.

இத நான் பக்திக்காகச் சொல்லல, காரணம் எளிசு. நம்ம பக்கம் பாறைக்குள்ள உள்ள வெடிப்புல தான் தண்ணி தங்குது. மேல எலை மக்கிக் கெடக்குற மண்ணு மழையப் பிடிச்சு மெதுவா அந்த வெடிப்புக்குள்ள இறக்குது. அந்த மண்ண வழிச்செடுத்து, பாறையில வெடி வச்சு ஆழமா ஒரு குழியத் தோண்டினா, சுத்துவட்டாரத்துத் தண்ணி அந்தக் குழிக்குத் தான் போகும். கீழ உள்ள கெணறெல்லாம் பாத்துட்டு நிக்க வேண்டியது தான்.

அண்ணன் பென்சில்வேனியாவுல இருக்கான், போயி இருபத்தஞ்சு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை போன்ல இதச் சொன்னப்ப, "மக்கா, எங்க பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு காரியம் செஞ்சாரு, கேளு"ன்னான். அந்த மனுஷன் தன் நெலத்த விக்கவும் இல்ல, தானம் குடுக்கவும் இல்ல. நெலம் அவர் பேர்ல தான் இருக்கு, பயிர் வைக்கிறாரு, மகனுக்குக் குடுக்கலாம், வேற ஆளுக்கு விக்கலாம். ஆனா பிளாட் போடவும், காட்ட அழிக்கவும் உள்ள உரிமைய மட்டும் தனியாப் பிரிச்சு, ஒரு நெலப் பாதுகாப்பு டிரஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாரு. டிரஸ்ட் அந்த உரிமைய வச்சு எதுவும் செய்யாது, யாரும் செய்யாமப் பாத்துக்கும், அவ்வளவு தான். எத்தன கை மாறினாலும் அந்தக் கட்டு நெலத்தோடயே போகும். இதுக்குப் பேரு கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்.

எனக்கு அத கேட்ட உடனே மனசுக்குள்ள ஒரு வெளிச்சம். அடுத்த நாலஞ்சு வாரம் அண்ணன் அனுப்பினதையெல்லாம் படிச்சேன். எழுதுறதுக்கு முன்னால நெலத்துல என்னென்ன இருக்குன்னு மேப்பு, போட்டோ, மரம், ஓடை எல்லாம் சேத்து ஒரு அடிப்படை அறிக்கை தயார் பண்ணுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை டிரஸ்ட் ஆளு வந்து அந்த அறிக்கையக் கையில வச்சு நடந்து பாப்பாரு. கட்டு போட்டதால நெலத்துக்கு விலை கொறையும்ல, அந்தக் கொறைஞ்ச தொகைய நன்கொடையாக் கணக்கு வச்சு வருமான வரியில கழிவு குடுப்பாங்க, அதுக்குக் கட்டு காலாகாலத்துக்கும் இருக்கணும்னு நிபந்தனை. இதுலயும் மதிப்பக் கூட்டிக் காட்டி வரிய ஏமாத்துன கூட்டம் உண்டு, அதுக்காக 2022ல அங்க சட்டத்த இறுக்கினாங்க. அந்த வரி விஷயமெல்லாம் நமக்கு இங்க ஆகாது. எனக்கு வேண்டியது அந்தக் கட்டு மட்டும்.

தக்கலையில உள்ள ஒரு வக்கீல் சார்கிட்ட போனேன், என் கூட வேலை பாக்குற டீச்சரோட வீட்டுக்காரர் தான். பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "டீச்சர், ஈஸ்மெண்ட்டுங்குற வார்த்தை நம்ம சட்டத்துலயும் இருக்கு, 1882லயே இருக்கு, ஆனா நீங்க சொல்லுற சாதனம் அதுக்குள்ள இல்ல"ன்னாரு. நம்ம பத்திரத்துல வழிநடைப் பாத்தியம், நீர்நடைப் பாத்தியம்னு எழுதுவோமே அது தான் ஈஸ்மெண்ட். அதுக்கு ரெண்டு நெலம் வேணும். ஒரு நெலம் உரிமைய அனுபவிக்கணும், இன்னொரு நெலம் அதத் தாங்கணும். நாலாவது பிரிவு சொல்றது இது தான், ஒரு நெலத்துச் சொந்தக்காரர் அந்த நெலத்த நல்லா அனுபவிக்கிறதுக்காக, தனக்குச் சொந்தமில்லாத இன்னொரு நெலத்துல ஒண்ணச் செய்யவோ ஒண்ணத் தடுக்கவோ உள்ள உரிமை. நாகர்கோவில்லயோ சென்னையிலயோ ஆபீஸ் வச்சிருக்குற டிரஸ்ட்டுக்கு எங்க ஊர்ல பக்கத்து நெலம் இல்லன்னா, அதுக்கு இங்க ஈஸ்மெண்ட் குடுக்க முடியாது. அமெரிக்காவுலயும் பழைய சட்டம் கிட்டத்தட்ட இப்படித் தான் இருந்திருக்கு. 1981ல ஒரு மாதிரிச் சட்டம் எழுதி, பாதுகாப்புக்காகன்னா பக்கத்து நெலம் இல்லாட்டியும் செல்லும்னு மாத்தினாங்க, ஒவ்வொரு மாநிலமா அவங்கவங்க சட்டம் போட்டாங்க, அண்ணன் இருக்குற மாநிலத்துல 2001ல. நமக்கு அப்படி ஒரு சட்டம் வரல. வரணும்னு நான் ஆசைப்படுறேன், கேக்க வேண்டிய எடத்துல கேக்கவும் போறேன்.

சரி, மகளுக்கு எழுதிக் குடுக்கும்போதே பொத்தைய விக்கக்கூடாது, ஒடைக்கக்கூடாதுன்னு நிபந்தனை போட்டா? அதுவும் நிக்காதாம். சொத்து மாற்றுச் சட்டம் 10ஆவது பிரிவு, முழுசாக் குடுத்துட்டு விக்கக்கூடாதுன்னு சொன்னா அந்த நிபந்தனை செல்லாது. 11ஆவது பிரிவு, முழு உரிமையும் குடுத்தப்பெறவு இப்படித் தான் அனுபவிக்கணும்னு சொன்னா, வாங்கினவங்க அத கண்டுக்காம விடலாம். என் அப்பா வாய்மொழியாச் சொன்னத நான் காப்பாத்துறேன்னா அது என் மனசு, சட்டம் இல்ல.

அடுத்து அவர் சொன்னது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 36சி பிரிவு. 2002 திருத்தத்துல வந்தது, சமுதாயக் காப்பகம்னு ஒண்ணு. தனியாள் கூட தானா முன்வந்து தன் நெலத்தக் குடுக்கலாம், சொந்தம் நம்ம பேர்லயே இருக்கும், அறிவிப்பு வந்தப்பெறவு கமிட்டி தீர்மானமும் மாநில அரசு சம்மதமும் இல்லாம நெலத்தோட பயன்பாட்ட மாத்த முடியாது. கேரளாவுல கடலுண்டி வள்ளிக்குந்நு அப்படி அறிவிச்ச எடம் தான். முன்னால கமிட்டியில நெலத்துக்காரருக்கு எடமே இல்லாம இருந்துச்சாம், 2022 திருத்தத்துல தனியார் நெலம்னா சொந்தக்காரரும் கமிட்டியில உண்டுன்னு சேத்துட்டாங்க. நல்ல வழி தான், நாலு நாளு அதையே நெனச்சுட்டிருந்தேன். ஆனா ஊர்ல வாயத் திறந்து வனத்துறைன்னு சொன்ன உடனே எதிர்ல நின்னவங்க மொகம் மாறிச்சு. தப்பு சொல்ல முடியாது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துல சிக்கி, தன் கையால நட்ட ரப்பர் மரத்த வெட்டி மறுநடவு பண்ண அனுமதிக்கு அலைஞ்சவங்க இந்த மாவட்டத்துல எத்தன பேரு, அதுக்க மேல சரணாலயத்தச் சுத்தி சூழல் உணர்திறன் மண்டலம்னு கட்டுப்பாடு வந்தப்ப நடந்த போராட்டம் வேற. 90 சென்ட்டுக்காக நான் அறிவிப்பு வாங்கினா, பக்கத்துல உள்ள பத்துப் பேரு என்னையும் காவையும் சேத்து வெறுப்பாங்க. சுத்தி உள்ளவங்க வெறுக்குற காவு எத்தன நாளு நிக்கும்?

சொந்தமா ஒரு அறக்கட்டளை வச்சு அதுக்கு எழுதலாம்னும் சொன்னாரு, செலவும் கணக்கும் ஆளும் வேணும், எனக்குப் பெறவு டிரஸ்டி யாருன்னு திரும்பவும் அதே கேள்வி. அத விட்டுட்டேன்.

இப்படியே ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாளு வக்கீல் சார் அவரே போன் பண்ணி, "டீச்சர், உங்களுக்குப் பக்கத்து நெலம் இல்லன்னு யாரு சொன்னா? உங்க ஊத்துத் தண்ணி எங்க போகுது?"ன்னாரு.

ஏலாவுக்குப் போகுது. அஞ்சு பேரு நெலத்துக்கு. அதுல ரெண்டு பேரு இன்னும் நெல்லு வைக்கிறாங்க, மத்தவங்க வாழையும் மரச்சீனியும். அவங்க நெலம் உரிமைய அனுபவிக்கிற நெலம், என் பொத்தை அதத் தாங்குற நெலம். அந்த அஞ்சு பேருக்கும் நான் ஈஸ்மெண்ட் எழுதிக் குடுத்தா, பொத்தையில கல்லு ஒடைக்க மாட்டேன், மண்ணு எடுக்க மாட்டேன், போர்வெல் போட மாட்டேன், ஊத்துக்கு மேல உள்ள மரத்த வெட்ட மாட்டேன்னு, அது 1882 சட்டத்துக்குள்ளயே நிக்கும். பதிவு பண்ணினா வில்லங்கச் சான்றுல வரும். நாளைக்கு யாரு வாங்க வந்தாலும் வில்லங்கம் போட்டுப் பாப்பாங்கல்ல, அங்க இது நிக்கும். சொத்துல வில்லங்கம் இருக்கக்கூடாதுன்னு தான் நம்ம எல்லாரும் பயந்து பயந்து பாப்போம், நான் வேணும்னே ஒண்ணச் சேக்கப் போறேன்.

அவரு ஒரு எச்சரிக்கையும் சொன்னாரு, அது எனக்குக் கொஞ்சம் வலிச்சுது. "பறவைக்காக, மரநாய்க்காகன்னு எழுதினீங்கன்னா கோர்ட்டுல நிக்கிறது கஷ்டம். கீழ உள்ள நெலத்துக்கு என்ன பிரயோஜனம்னு தான் கேப்பாங்க. ஒவ்வொரு ஷரத்தையும் தண்ணிக்காகன்னு எழுதுங்க." அதனால பத்திரத்துல வௌவாலுக்கும் உடும்புக்கும் எடமில்ல. ஆனா தண்ணிக்காக நிக்கிற மரத்துல அதுகளும் இருந்துக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

ஓட்டை என்னன்னும் கேட்டேன். ரெண்டு நெலமும் ஒரே ஆளு கைக்கு முழுசாப் போயிட்டா ஈஸ்மெண்ட் அழிஞ்சிரும், 46ஆவது பிரிவு. உரிமை உள்ளவர் தானா விட்டுக்குடுத்தாலும் போச்சு, 38. ஒருத்தருக்கு மட்டும் எழுதியிருந்தா குவாரிக்காரர் அவரையும் வாங்கி என்னையும் வாங்கினா முடிஞ்சுது. அஞ்சு பேருக்கும் தனித்தனியா எழுதினா, நாலு பேரு வித்தாலும் அஞ்சாவது ஆளு கையில அந்தக் கட்டு இருக்கும். அமெரிக்காவுல வருஷத்துக்கு ஒருக்கா டிரஸ்ட் ஆளு வந்து பாத்துட்டுப் போவாரு. இங்க பொத்தையில ஒரு வெடிச் சத்தம் கேட்டா வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு நிக்கிறவன் அந்த நிமிஷமே மண்வெட்டியப் போட்டுட்டு மேல ஓடி வருவான். எனக்கு இது அதவிட நம்பிக்கையாத் தோணுது. அஞ்சு பேருல மூணு பேரு கிறிஸ்தவங்க, காவு மேல அவங்களுக்குச் சாமி பயம் கிடையாது, தண்ணி பயம் நெறைய உண்டு.

இதெல்லாம் சட்டம். அதவிடக் கஷ்டமானது மகள்கிட்ட பேசினது. பெங்களூர்ல வேலை பாக்குறா, ஓணத்துக்கு லீவு போட்டு வந்திருந்தா. ராத்திரி சாப்பிட்டுட்டு முற்றத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். குறுக்கப் பேசாமக் கேட்டா. அப்புறம், "அம்மா, தாத்தா உனக்கு எழுதும்போது இந்த மாதிரி ஏதாவது கட்டு போட்டாரா?"ன்னா.

போடல. என்னை நம்பிக் குடுத்தாரு.

"அப்போ நீ ஏன் என்னை நம்பல?"

எனக்கு பதில் வரல. அன்னைக்கு முழுசும் வரல. மறுநாள் காலையில ரப்பர் ஷீட் காயப் போடும்போது தான் சொன்னேன், மக்கா, உன்னை நம்பாம இல்ல, நாப்பது வருஷம் கழிச்சு உனக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்து, உன் முன்னாடி ஒருத்தன் பணக்கட்டோட உக்காந்திருந்தா, அந்த நேரத்துல இல்லன்னு சொல்ற பாரம் உனக்கு வேண்டாம்னு நெனைக்கிறேன். தாத்தா காலத்துல உளியும் சம்மட்டியும் வச்சு ஒடைச்சாங்க, பொத்தை தாக்குப் பிடிச்சுது, காவுக்குள்ள கால் வைக்க எல்லாருக்கும் பயமும் இருந்துச்சு. இப்போ ஜேசிபி ரெண்டு மாசத்துல தரைமட்டம் ஆக்கிரும்.

"ஆஸ்பத்திரிச் செலவு வந்தா எனக்குப் பணம் வேணுமேம்மா"ன்னா அவ. அதுவும் நியாயம். நான் நெலத்தப் பத்தியே நெனச்சுட்டிருந்தேன், அவளோட பயத்த நெனைக்கல. அங்க இருந்து தான் பேச்சு சரியான வழிக்கு வந்துச்சு. மொத்தம் 2.80க்கும் கட்டு போடணும்னு நான் முதல்ல பிடிவாதமா இருந்தேன், அத விட்டேன். பொத்தையும் காவும் சேந்த 90 சென்ட் மட்டும். கீழ உள்ள 1 ஏக்கர் 90 சென்ட் அவளுக்கு எந்தக் கட்டும் இல்லாம, வீடு வைக்கலாம், லோன் போடலாம், விக்கவும் செய்யலாம். பேங்க்ல லீகல் ஒப்பீனியன் கேக்கும்போது வில்லங்கம் இடிக்கக்கூடாதுன்னு, ரெண்டையும் சர்வே பண்ணி உட்பிரிவு பிரிச்சுத் தனிப் பட்டா வாங்கச் சொன்னா, அது அவ யோசனை. இன்னொண்ணும் சொன்னா, எதுவுமே செய்யக்கூடாதுன்னு எழுதாத, என்ன செய்யக்கூடாதுன்னு எண்ணி எழுது, மிச்சம் எல்லாம் எனக்கு இருக்கட்டும்னு. அதனால சாமி கும்பிடவும், நடக்கவும், விழுந்த மரத்த எடுக்கவும், தேன் எடுக்கவும் தடை இல்ல.

ஓணம் லீவு முடியுறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் அந்த அடிப்படை அறிக்கைய எங்க அளவுல செஞ்சோம். அண்ணன் சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அது தான். ஒவ்வொரு மரமா சாக்பீஸ்ல நம்பர் போட்டு, சுத்தளவு எடுத்து, போட்டோ எடுத்து, ஊத்தோட ஆழத்தக் கம்பு விட்டு அளந்து நோட்டுல எழுதினோம். காட்டு மரம் 61, சூரல் புதர் கணக்குல இல்ல. அவ பொறந்ததுல இருந்து பாத்த எடம், ஆனா எந்த மரத்துக்கு என்ன பேருன்னு அப்போ தான் கேட்டா. காஞ்சிரத்தையும் பாலையையும் எலையப் பாத்துத் தனியாப் பிரிக்கப் படிச்சுட்டா. அந்த லிஸ்ட்டப் பத்திரத்துல சொத்து விவரத்தோட இணைப்பா சேக்குறோம்.

தரகர்கிட்ட இல்லன்னு சொல்லியாச்சு. விலைய ஏத்திச் சொன்னாரு, ஒண்ணும் பேசல நான்.

கீழ உள்ள அஞ்சு வீட்டுக்கும் வரைவு காப்பி குடுத்து, போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் எங்க முற்றத்துக்குக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினோம், கட்டஞ்சாயாவும் அவிச்ச மரச்சீனியும் வச்சு. நாலு பேரு சரின்னுட்டாங்க. அஞ்சாவது ஆளுக்கு எண்பது வயசிருக்கும், அப்பாவோட கூட்டாளி, கண்ணாடியப் போட்டுட்டு ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு. அப்புறம், "மக்கா, இதுல செய்யக்கூடாதது தான் எல்லாம் இருக்கு, செய்ய வேண்டியது எங்க இருக்கு? வருஷா வருஷம் பங்குனியில ஊத்தத் தூர் வாரணும், இல்லன்னா சேறு அடைஞ்சிரும், உங்க அப்பன் இருக்கும்போது நாங்க ரெண்டு பேரும் தான் இறங்குவோம். அதுக்கு எங்க ஆளுவளுக்கு மேல வர உரிமை எழுது"ன்னாரு. மண்வெட்டியும் கூடையும் மட்டும் தான், மிஷின் கூடாதுன்னு நான் சொன்னேன். மிஷின் வந்தா நானே விட மாட்டேன்னு சொல்லிட்டு, இன்னொரு கட்டஞ்சாயா கேட்டாரு. அத ஏழாவது ஷரத்தா சேத்திருக்கோம், அடுத்த மாசம் பதிவு.